சோதனைச் சாவடியில் ஒரு டிராகன்

சென்ற மாசி மாதத்தில் ஒரு நாள் காலை, எளாவூர்ச் சோதனைச் சாவடிக்குச் சற்று இப்பால் உள்ள டீக்கடையில் உட்கார்ந்து பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, ஜி.என்.டி. ரோடு என்று எங்கள் ஊர்க்காரர்கள் இன்றும் சொல்லுகிற, சர்க்கார் கணக்கில் 16-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையாகிவிட்ட அந்தச் சாலையில், கும்மிடிப்பூண்டிப் பக்கமிருந்து வந்த நீண்ட டிரெய்லர் லாரி ஒன்று காகிதங்களைக் காட்டுவதற்காக ஓரங்கட்டி நின்றது. கம்பிக் கட்டுகளையும் இரும்புச் சுருள்களையும் ஏற்றிச் செல்லும் லாரிகளையே நாள்தோறும் பார்த்துப் பழகிய எங்களுக்கு இதன் பாரம் விசித்திரமாகப் பட்டது. நீலத் தார்ப்பாய் காற்றில் விலகிய இடத்தில், பூசணிக்காயளவு மஞ்சள் விழி ஒன்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே பைபரில் வார்த்த பச்சை மூக்கு. அந்த மூக்கின்மேல் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்தபடி கிளீனர் பையன் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் நாலைந்து பேர் லாரியைச் சுற்றிக்கொண்டார்கள். அவர்களில் ஒரு சிறுமி, "அண்ணா, இது எந்தப் படத்து டிராகன்?" என்று கேட்டாள்.

"படமா? அதெல்லாம் தெரியாது பாப்பா. பார்க்குல வெக்கிறது. வாயில இருந்து பொக வருமாம்" என்றான் பையன்.

"பேரு இன்னா?"

"டிராகனுக்கு ஏது பேரு!"

பெயரில்லாத அந்தப் பிராணி ஆரம்பாக்கத்தைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள் மறைந்துவிட்டது. ஆயினும் அந்தச் சிறுமியின் கேள்வி என்னுடன் டீக்கடையிலேயே தங்கிவிட்டது. புகை கக்கும் என்று சொல்லியும் அவளுக்குத் திருப்தி உண்டாகவில்லை. அது எந்தக் கதையிலிருந்து வருகிறது, அதை எந்தப் பெயரிட்டு அழைப்பது என்பதே அவளுக்கு வேண்டியிருந்தது. மேல்நாடுகளில் கேளிக்கைப் பூங்கா கட்டுகிறவர்கள் பெரும்பொருளைச் செலவழித்து எந்த விஷயத்தைக் கண்டறிந்தார்களோ, அதை இந்தக் குழந்தை புத்தகப்பையைத் தோளில் மாட்டியவண்ணம் ஒரே வாக்கியத்தில் கேட்டுவிட்டது.

1955 ஜூலையில் அமெரிக்காவில் அனாஹைம் என்ற ஊரில் வால்ட் டிஸ்னி தம்முடைய பூங்காவைத் திறந்தபோது, கட்டடக்காரர்களைக் காட்டிலும், சினிமாவுக்கு அரங்கம் அமைத்துத் தேர்ந்த கலைஞர்களையே அதிகமாக நம்பினார். அங்கே நடுநாயகமாக நிற்கும் 'தூங்கும் அழகி'யின் கோட்டை உண்மையில் 77 அடி உயரந்தான். மேலே போகப் போகக் கற்களின் அளவைக் குறைத்துக்கொண்டே சென்றதனால், கீழே நின்று அண்ணாந்து பார்க்கும் குழந்தைக்கு அது வானளாவி நிற்பதாகத் தோன்றும். நிலைக்கு நிலை குறுகிக்கொண்டே போகும் கோபுரங்களின் நிழலில் வளர்ந்த நமக்கு இந்த யுக்தி ஒன்றும் புதிதன்று. இதைவிட ரசமான செய்தி, அந்தக் கோட்டை திறக்கப்பட்ட பிறகு நான்கு வருஷங்கள் கழித்து, 1959-இல்தான் அந்தப் பெயருடைய திரைப்படமே வெளிவந்தது என்பது. வீட்டைக் கட்டி வைத்துவிட்டுக் குடியிருப்பவளுக்காகக் காத்திருந்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

அதன்பின் அரைநூற்றாண்டு கடந்து, 2010 ஜூனில் ஃபுளோரிடா மாகாணத்து ஆர்லண்டோவில் யூனிவர்ஸல் கம்பெனியார் ஹாரி பாட்டர் என்ற மாயாஜாலச் சிறுவனின் உலகத்தைக் கட்டி எழுப்பியபோது, திரைப்படத்துக்கு அரங்கம் நிர்மாணித்த ஸ்டூவர்ட் கிரெய்க் என்பவரையே பூங்காவுக்கும் வழிகாட்டியாக வைத்துக்கொண்டார்கள். 2017-இல் டிஸ்னி கம்பெனியார் 'அவதார்' படத்து மிதக்கும் மலைகளை அதே ஊர்ப் பக்கத்தில் எழுப்பினார்கள். அந்தப் படம் 2009-இல் வந்தது, அதன் அடுத்த பாகமோ 2022-இல்தான் வந்தது என்பதைப் பார்த்தால், இடையிலே ஜனங்களின் நினைவில் அந்தக் கதை வாடிப்போகாமல் தண்ணீர் ஊற்றி வைக்கும் வேலையைப் பூங்கா செய்திருக்கிறது என்று கொள்ளலாம். ஆர்லண்டோவுக்குப் போக வாய்ப்பில்லாத நம்மவர்கள் 2010 முதல் சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில் யூனிவர்ஸலின் பூங்காவைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்த்துச் சிங்கப்பூரில் கப்பல் பட்டறைக்குப் போன எங்கள் தெருப் பையன் ஒருவன், பெற்றோரை அழைத்துக்கொண்டுபோய் அங்கே 'ஷ்ரெக்' கோட்டைக்கு முன்னால் நிறுத்தி எடுத்த புகைப்படம், அவர்கள் வீட்டுக் கூடத்தில் திருப்பதி வெங்கடாசலபதிக்குப் பக்கத்தில் மாட்டப்பட்டிருக்கிறது.

இத்தகைய இடங்களில் உள்ள சூட்சுமம் யந்திரத்தில் இல்லை என்பது என் அபிப்பிராயம். ஆளைத் தூக்கிப்போட்டுப் பிடிக்கும் ராட்டினம் எங்கும் ஒன்றுதான். வயிற்றைக் கலக்குவதில் அமெரிக்க ராட்டினத்துக்கும் திருவிழா ராட்டினத்துக்கும் அதிக பேதமில்லை. வித்தியாசம் ராட்டினத்துக்கு வெளியே இருக்கிறது. ஹாரி பாட்டர் பூங்காவில் ஹாக்வார்ட்ஸ் என்னும் மாயப் பள்ளிக்கூடத்தின் கோட்டைக்குள் சவாரிக்காக ஒரு மணி நேரம் வரிசையில் நிற்பவன், வரிசையில் நிற்பதாக உணர்வதில்லை. பேசுகின்ற ஓவியங்களும் தலைமையாசிரியரின் அறையும் கொண்ட பள்ளிக்கூடத்துக்குள் தான் நடந்துகொண்டிருப்பதாகவே எண்ணுகிறான். செவ்வாய்க்கிழமைகளில் சிறுவாபுரி முருகனைப் பார்க்க ஜனங்கள் நிற்கிற வரிசையைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். அங்கே காத்திருப்பதும் வேண்டுதலில் ஒரு பங்கு. நேரே போய் நின்று கும்பிட்டுவிட்டு வந்தால் ஏதோ குறைந்ததுபோல் இருக்கும். பிறகு 2014 முதல் அந்த ஹாரி பாட்டர் பூங்காவில் ஒரு மந்திரக்கோலை விற்கத் தொடங்கினார்கள். அதை வாங்கிய பிள்ளை, கடைவீதியில் குறித்த இடத்தில் நின்று, குறித்த முறையில் வீசினால், ஜன்னலுக்குள் இருக்கும் பொருள் ஏதேனும் அசைகிறது. பார்ப்பவனாக வந்த பிள்ளை அந்த க்ஷணத்தில் செய்பவனாகிறான். கதைக்குள் அவனுக்கு ஒரு காரியம் கிடைத்துவிடுகிறது. அந்தக் காரியத்துக்காகவே தகப்பன் பணத்தைக் கொடுக்கிறான்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். கட்டடத்துக்குள் மாயத்தை வைத்து விருந்தினரை மயக்கும் வித்தையில் நாம் யாருக்கும் பின்தங்கியவர்கள் அல்லர். பாண்டவருக்காக மயன் கட்டிய சபா மண்டபத்தில் தரையை நீரென்று எண்ணி ஆடையைத் தூக்கிக்கொண்டும், நீரைத் தரையென்று எண்ணிக் கால்வைத்து விழுந்தும் துரியோதனன் பட்ட அவமானத்தைப் பாமர ஜனங்களும் அறிவார்கள். திரௌபதி சிரித்தாள் என்று கூத்துக்காரர்கள் பாடுவார்கள். கேளிக்கை மண்டபம் ஒன்றில் கால் வழுக்கியதன் பயனாகப் பதினெட்டு அக்ஷௌகிணி சைன்யம் மாண்டது என்று எண்ணிப் பார்த்தால், பூங்கா வைத்திருப்பவர்கள் தரை வழுக்காமல் பார்த்துக்கொள்வதன் அவசியமும் கூடவே விளங்கும்.

அந்தப் பரம்பரையில் சினிமா பிறந்த பின் வந்த பெரிய சிருஷ்டி, விஜயா நிறுவனத்தார் 1957-இல் தெலுங்கிலும் தமிழிலும் எடுத்த 'மாயா பஜார்'. கே.வி. ரெட்டி இயக்கி, மார்க்கஸ் பார்ட்லே ஒளிப்பதிவு செய்த அந்தப் படத்தில், எஸ்.வி. ரங்காராவின் கடோத்கஜன் கல்யாண விருந்து முழுவதையும் ஒருவனாக உண்ணும் காட்சியைக் கண்டு சிரிக்காத வீடு தென்னாட்டில் இராது. ஆனால் நான் சொல்ல வந்தது விருந்தைப் பற்றியன்று. அந்தப் படத்தின் பெயரே ஓர் ஊரின் பெயர். கௌரவர்களை வரவேற்பதற்கென்று கடோத்கஜனின் ஆட்கள் ஒரு நகரத்தையே மாயத்தால் சிருஷ்டித்து, அதிலே தானே சுருண்டுகொள்ளும் விரிப்பையும் படுத்தவரைப் புரட்டித் தள்ளும் கட்டிலையும் வைத்து, வந்தவர்களைப் பாடாய்ப்படுத்துகிறார்கள். கேளிக்கைப் பூங்கா என்பதற்கு இதைவிடச் சரியான திட்ட வரைபடத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. டிஸ்னி தம் பூங்காவைத் திறந்து இரண்டே வருஷங்கள் ஆகியிருந்த காலத்தில், வடபழனியில் ஒரு கூட்டம் கலைஞர்கள் அதே கற்பனையைச் செல்லுலாய்டில் கட்டி முடித்துவிட்டார்கள். செல்லுலாய்டிலிருந்து செங்கல்லுக்குத்தான் அது வரவில்லை. ஆசியாவிலேயே பெரியது என்று பேர் பெற்றிருந்த விஜயா வாகினி ஸ்டூடியோ இருந்த மனையில் இப்போது ஓர் ஆஸ்பத்திரியும் கல்யாண மண்டபங்களும் ஒரு வணிக வளாகமும் நிற்கின்றன. வளாகத்துக்குள் சினிமாக் கொட்டகைகள் இருக்கின்றன என்பது ஆறுதலா பரிகாசமா என்பதை அவரவர் மனத்துக்கு விட்டுவிடுகிறேன்.

ஜெமினி ஸ்டூடியோவும் அப்படியே. 1948-இல் எஸ்.எஸ். வாசன் 'சந்திரலேகா'வுக்காக அமைத்த முரசு நடனத்தின் பெரிய முரசுகளில் ஒன்றேனும் எங்காவது ஒரு கூரையின் கீழே மிஞ்சியிருந்தால், அதன்மேல் ஏறி நின்று குதித்துப் பார்க்க எத்தனை பிள்ளைகள் வருவார்கள்! ஸ்டூடியோவின் பெயரை ஜனங்கள் மேம்பாலத்துக்கு இட்டு இன்றுவரை காப்பாற்றி வருகிறார்கள்; மேம்பாலத்துக்கு அரசாங்கம் வைத்த அண்ணாவின் பெயரைச் சொன்னால் சில ஆட்டோக்காரர்கள் திரும்பிக் கேட்கிறார்கள்.

இந்த அரங்கங்கள் மிஞ்சாமல் போனதற்குக் காரணம் நம்மவர்களின் மறதி மாத்திரமன்று. தொழிலின் நடைமுறையும் அதற்குத் துணைபோகிறது. படப்பிடிப்பு முடிந்த மறுநாளே செட்டைப் பிரித்துவிடுவார்கள். பலகையும் சவுக்குக் கழியும் வாடகைக்கு வந்தவை. தளத்தின் வாடகையோ நாள் கணக்கில் ஏறுகிறது. அடுத்த படத்துக்காரர் வாசலில் நிற்கிறார். அரசன் கொலுவிருந்த சிங்காதனம் அடுத்த மாதம் வேறொரு படத்தில் மாமியார் உட்காரும் சோபாவாக மாறியிருக்கும். ஒரு கதையின் உரிமையும் அவ்வாறே துண்டு துண்டாக விற்கப்பட்டு, தொலைக்காட்சிக்கு ஒருவர், பாட்டுக்கு ஒருவர், மறு ஆக்கத்துக்கு ஒருவர் என்று சிதறிக் கிடக்கிறது. ஒரு மாய உலகத்தை முழுதாக ஒருவர் கையில் வைத்திருந்தாலல்லவா அதைப் பூங்காவாகக் கட்ட முடியும்?

முழுதாக ஒருவர் கையில் இருந்த தருணம் ஒன்று நமக்கு வாய்த்தது. அதைத்தான் நான் மிகுந்த ஏக்கத்துடன் நினைத்துக்கொள்கிறேன். 1984-இல் கேரளத்து நவோதயா அப்பச்சன், தம் மகன் ஜிஜோ புன்னூஸின் இயக்கத்தில், இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்' என்பதை வெளியிட்டார். நான் அப்போது கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புப் பட்டறையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். நண்பர்கள் இருவருடன் மின்சார ரயிலேறிச் சென்னைக்குப் போய், வாசலில் கொடுத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பாதி புரிந்தும் பாதி புரியாமலும் அந்த மலையாளப் படத்தைப் பார்த்தேன். திரையிலிருந்து ஐஸ்கிரீம் ஒன்று நீண்டு மூக்கு நுனிவரை வந்தபோது, முப்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த நான் வெட்கமின்றிக் கையை நீட்டிவிட்டேன். பக்கத்து இருக்கைக்காரரும் நீட்டியிருந்தார். இருவர் கைகளும் மோதிக்கொண்டன.

அந்தப் படத்தில் பிள்ளைகள் சுவரிலும் விட்டத்திலும் நடந்து செல்லும் ஒரு பாட்டு உண்டு. அதற்காகப் பிரமாண்டமான இரும்புக் கூடு ஒன்றைச் செய்து, அதற்குள் ஓர் அறையை அமைத்து, கேமராவையும் அதனுடனேயே பிணைத்து, கூட்டோடு சுழற்றினார்கள். அறை சுழலச் சுழலப் பிள்ளைகள் எப்போதும் கீழே வருகின்ற பக்கத்தில் நடந்தார்கள். பார்ப்பவனுக்கோ அவர்கள் கூரையில் நடப்பதாகத் தெரிந்தது. பட்டறையில் இருந்தவனாதலால் எனக்கு அந்தக் கூட்டின் மேலேயே புத்தி போயிற்று. மாயம் என்று பிறர் கண்டதில் நான் பற்றவைப்பையும் தாங்கு உருளையையும் கண்டேன். இப்படி ஒரு மாயத்தை இரும்பில் செய்யக்கூடியவர்கள் எங்கள் சிப்காட்டில் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்களே என்றும் நினைத்துக்கொண்டேன்.

பிற்பாடு அதே அப்பச்சன் 1995-இல் தாம்பரத்துக்கு அருகே 'கிஷ்கிந்தா' என்ற பூங்காவைத் திறந்தார். மாயாஜாலப் படம் எடுத்து வென்றவர், அதன் லாபநஷ்டத்தை அறிந்தவர், குழந்தைகளின் மனத்தை அளந்தவர், தாமே முன்வந்து பூங்கா அமைத்த அந்தச் செய்கை, டிஸ்னியின் சரித்திரத்துக்கு நம் நாட்டில் கிடைத்த மிக நெருங்கிய இணை. ஒரு தலைமுறைச் சென்னைப் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சுற்றுலா என்றாலே கிஷ்கிந்தா என்றிருந்தது. ஆனால் வானரராஜ்யத்தின் பெயரை வாசலில் எழுதிவிட்டு, உள்ளே பெரும்பாலும் எல்லாப் பூங்காக்களுக்கும் பொதுவான நீர்ச்சறுக்கையும் ராட்டினத்தையும் வைத்தார்களே தவிர, சுக்ரீவனும் அங்கே வசிக்கவில்லை. மந்திரவாதியிடமிருந்து பிள்ளைகளால் விடுதலை பெற்ற அந்தக் குட்டிச்சாத்தானும் குடிவரவில்லை. அந்தச் சாத்தானை விடுவிக்கிற வேலையை வருகிற பிள்ளைகளிடம் ஒப்படைத்திருந்தால், ஹாக்வார்ட்ஸ் கட்டுவதற்குப் பதினைந்து வருஷம் முன்னதாகவே தாம்பரம் அந்தப் பெருமையைத் தட்டிக்கொண்டு போயிருக்கும். அப்பச்சன் 2012-இல் காலமானார். அவரைக் குறைசொல்லும் தகுதி எனக்கு இல்லை. முதலில் நடந்தவர் அவர், பாதையில் முள் இருந்தது என்று நான் சொல்கிறேன், அவ்வளவே.

அந்தக் காலத்துப் பூங்காக்களை நினைத்தால் வேறொரு வேடிக்கையும் ஞாபகத்துக்கு வருகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி. தங்கக் கடற்கரையில் எத்தனையோ ராட்டினங்கள் இருந்தன. அவற்றில் எதுவும் இன்று ஜனங்களுக்கு நினைவில்லை. நினைவிருப்பது வாசலுக்கருகே தலைப்பாகையும் மீசையுமாக அசையாமல் நின்ற 'சிலை மனிதர்' ஒருவர்தான். அவரைச் சிரிக்க வைத்தால் பரிசு என்றார்கள். முகத்துக்கு நேரே குரங்குச் சேஷ்டை செய்து, பழிப்புக் காட்டி, கிச்சுகிச்சு மூட்டுவதாகப் பயமுறுத்தித் தோற்றவர்கள், தோற்ற கதையை இன்றைக்கும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். மின்சாரம் வேண்டாம், மோட்டார் வேண்டாம். ஒரு மனிதர், ஒரு விதி, வருகிறவனுக்கு ஒரு சவால். கதைப் பூங்காவின் இலக்கணம் அந்த ஒருவரிடமே இருந்தது.

ஹைதராபாதுக்கு அருகே ராமோஜி ராவ் 1996-இல் தொடங்கிய திரைப்பட நகரம், 1,666 ஏக்கர் பரப்புடன் உலகிலேயே மிகப் பெரியது என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. 2015-இலும் 2017-இலும் வந்த 'பாகுபலி'ப் படங்களுக்காகக் கலை இயக்குநர் சாபு சிரில் அங்கே எழுப்பிய மகிழ்மதி அரங்கத்தைப் பிரித்துப் போடாமல் பார்வையாளருக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். செட்டைப் பிரிக்காமல் விட்டதே நம் நாட்டில் ஒரு புரட்சி என்று நான் கருதுகிறேன். கோடை விடுமுறையில் மகளும் மருமகனும் அழைக்க, நானும் பேரனுடன் போய்ப் பார்த்தேன். இயக்குநர் ராஜமௌலியின் கற்பனையைக் கண்முன் கண்டதில் எனக்கு ஆனந்தம். புகைப்படம் எடுத்துக்கொள்ள ஜனங்கள் முண்டியடித்தார்கள். பேரன் பத்து நிமிஷம் சுற்றிப் பார்த்துவிட்டு என் வேட்டியைப் பிடித்து இழுத்தான். "தாத்தா, இப்ப நாம என்ன பண்ணணும்?" என்றான். அவன் கதைக்குள் வந்துவிட்டான்; வேலை கேட்கிறான். தேர் வடம் இழுக்கவா, சிலையைத் தூக்கி நிறுத்தவா, பகைவரான காலகேயர்கள் வருகிறார்களா என்று பரணில் ஏறிப் பார்க்கவா? நம் கவிஞர் மதன் கார்க்கி அந்தக் காலகேயர்களுக்காகக் 'கிளிக்கி' என்று ஒரு பாஷையையே இலக்கணத்துடன் உண்டாக்கியிருக்கிறார். அந்தப் பாஷையில் நான்கு வார்த்தை சொன்னால்தான் கோட்டைக் கதவு திறக்கும் என்று ஏற்பாடு செய்தால், பிள்ளைகள் ரயிலில் வரும்போதே மனப்பாடம் செய்துகொண்டு வரமாட்டார்களா?

பேரன் கேட்ட கேள்விக்கு விடை எங்கள் வட்டாரத்திலேயே இருக்கிறது என்பது, திரும்பி வந்த பிறகுதான் எனக்குப் புலப்பட்டது. திருவள்ளூர், காஞ்சிபுரம், திருவண்ணாமலைப் பக்கங்களில் கோடையில் திரௌபதி அம்மன் கோயில்களில் நடக்கும் அக்னி வசந்த விழாவைப் பார்க்காதவர்களுக்காகச் சிறிது விவரமாகச் சொல்லுகிறேன். பகலில் பாரதப் பிரசங்கியார் வில்லிபாரதத்தைச் சொல்லி விளக்குவார். இரவில் கூத்து நடக்கும். கதை வளர வளர, அது மேடையைவிட்டு இறங்கி ஊருக்குள் பிரவேசித்துவிடும். பகாசுரனுக்குச் சோறு கொண்டுபோகும் பீமன் மாட்டுவண்டியில் தெருத்தெருவாக வருவான். அந்த வண்டியில் ஏறும் சோறும் குழம்பும் நம் வீட்டு அடுப்பில் சமைத்தவை. அன்றைக்கு அசுரனுக்கு உணவு அனுப்பும் ஏகசக்ர நகரத்துக் குடிகள் வேறு யாருமில்லை, நாமேதான்.

அர்ச்சுனன் தபசு அன்று, வெட்டவெளியில் உயர்ந்த தபசு மரத்தை நட்டுவைப்பார்கள். வேஷக்காரர் விருத்தம் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறுவார். உச்சிக்குப் போக அவருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். இந்த மெதுவான ஏற்றத்தைப் பார்த்துக்கொண்டு ஆயிரம் பேர் வெயிலில் நிற்பார்கள். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் ஈரச்சேலையுடன் அடியில் காத்திருப்பார்கள். மேலிருந்து அவர் வீசும் எலுமிச்சம்பழமும் விபூதியும் வில்வமும் மடியில் விழ வேண்டும். பாசுபதாஸ்திரம் பெறப்போனவனிடம் பிள்ளைவரம் கேட்பது என்ன நியாயம் என்று பிரசங்கியார் ஒருவரை நான் கேட்டேன். "அவனும் கேக்கத்தானேய்யா போயிருக்கான், கூட நாமளும் கேட்டுக்க வேண்டியதுதான்" என்றார்.

கடைசி நாளில் படுகளம். மண்ணைக் குழைத்து, முப்பது நாற்பது அடிக்குக் குறையாமல், மல்லாந்து படுத்த துரியோதனனை மைதானத்தில் செய்து, வர்ணம் தீட்டி, மீசையை முறுக்கிவிட்டு வைப்பார்கள். தொடையில் செந்நிறத் தண்ணீர் நிறைத்த பானை ஒன்று புதைந்திருக்கும். உயிருள்ள துரியோதனனும் பீமனும் இந்த மண்மேனியைச் சுற்றிச் சுற்றி ஓட, ஜனங்களும் பின்னாலேயே ஓடுவார்கள். கூட்டத்துக்கும் கூத்துக்கும் நடுவே கோடு ஏதும் இராது. கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் மாத்திரம் இருபக்கமும் கால் வைத்துக்கொண்டு, இங்கே ஒரு கேலி, அங்கே ஒரு வணக்கம் என்று கதையையும் ஊரையும் முடிச்சுப்போட்டுக்கொண்டிருப்பான். பானை உடையும், திரௌபதி கூந்தலை முடிவாள், அந்த நிமிஷம் வரையில் குமுறிக்கொண்டிருந்த கூட்டம் ஒரே மூச்சாக அடங்கும். பிறகு நடப்பதுதான் விசேஷம். ஜனங்கள் முன்னே சென்று துரியோதனனின் மண்ணை ஆளுக்கொரு பிடி எடுத்து முந்தானையிலும் துண்டிலும் முடிந்துகொண்டு போய், வயலில் தூவுவார்கள், குதிரில் போடுவார்கள். மாலையில் தீமிதி.

கதைக்குள் நுழையும் வாசல், உள்ளே செய்யவேண்டிய காரியம், வீட்டுக்குக் கொண்டுபோகும் பொருள் ஆகிய மூன்றும் இங்கே டிக்கட் இல்லாமல் கிடைக்கின்றன. டிஸ்னி கம்பெனியார் இதே யோசனையைக் கையில் எடுத்து, வருகிறவர்கள் இரண்டு இரவு தங்கி 'ஸ்டார் வார்ஸ்' கதையில் தாமே பாத்திரங்களாக நடிக்கும்படி 2022 மார்ச்சில் ஃபுளோரிடாவில் ஒரு விடுதியைத் திறந்தார்கள். இருவருக்கு ஏறத்தாழ 5,000 டாலர் கட்டணம். அனுபவித்தவர்கள் புகழ்ந்தார்கள், புதிதாக வருகிறவர்கள் குறைந்தார்கள், 2023 செப்டம்பரில் மூடிவிட்டார்கள். வேஷம் கட்டிக்கொள்ள ஜனங்களுக்கு ஆசை இல்லாமலில்லை. அதற்கு அவ்வளவு விலை கொடுக்கத்தான் ஆளில்லை.

கோயில் விழா பக்தி, பூங்கா வியாபாரம், இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பூங்காக்காரர்களுக்கு மின்கட்டணம் உண்டு, பாதுகாப்புச் சோதனை உண்டு, ஆட்சம்பளம் உண்டு. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது 28 விழுக்காடாக இருந்த நுழைவுக் கட்டண வரி, 2018 ஜனவரியில் 18 ஆகக் குறைக்கப்பட்டும், நாலு பேர் குடும்பம் ஒன்று ஒரு நாள் போய்வருவது சிப்காட் தொழிலாளிக்கு லேசான காரியமன்று. ஆகவே நான் பக்தியைப் பூங்காவுக்குள் கொண்டுபோகச் சொல்லவில்லை. தபசு மரத்தைப் பூங்காவில் நட்டு டிக்கட் போடுகிற நாள் வந்தால் அதை எதிர்ப்பவர்களில் முதல் ஆளாக நான் நிற்பேன். விழாக்காரர்கள் கதையை எப்படி இடமாக மாற்றுகிறார்களோ, அந்தப் பாடத்தைக் கற்றுக்கொள்ளத்தான் சொல்கிறேன். வெளிநாட்டு டிராகனைப் பார்த்து ஒரு பெயரற்ற டிராகனை வார்ப்பதற்கு முன்னால், பெயருள்ள கடோத்கஜனும் குட்டிச்சாத்தானும் நம்மிடம் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை எண்ணவேண்டும்.

நிஜமான அதிசயமே எங்கள் ஊருக்குப் பக்கத்தில் நடக்கிறது என்பதும் உண்மைதான். பழவேற்காடு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பும் நாட்களில், எளாவூரில் மாடிமேல் ஏறி நின்றால் வடகிழக்கு வானத்தில் ஒரு தீக்கோடு எழும்புவதைப் பார்க்கலாம். 2019-இல் அங்கே பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்க இஸ்ரோ ஒரு திறந்த அரங்கம் கட்டியது. எங்கள் தெருப் பிள்ளைகள் அதற்குப் போவதைவிட மாடியில் நின்று பத்திலிருந்து ஒன்றுவரை உரக்க எண்ணுவதையே விரும்புகிறார்கள். தாங்கள் எண்ணி முடித்ததால்தான் அது கிளம்பிற்று என்பதில் சின்னவர்களுக்கு ஐயமே இல்லை.

2024 ஜனவரியில் முதலமைச்சர் ஸ்டாலின், எங்கள் மாவட்டத்தில் பூந்தமல்லிக்கு அருகே 140 ஏக்கர் பரப்பில், 500 கோடி ரூபாய்ச் செலவில் நவீனத் திரைப்பட நகரம் அமைக்கப்படும் என்று அறிவித்தார். கணினி வரைகலைக் கூடங்களும் ஒளித்திரை அரங்குகளும் நட்சத்திர ஹோட்டலும் அதில் வருமென்று செய்தி. வரட்டும். 1994-இல் தரமணியில் திறந்த திரைப்பட நகரத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் சென்ற காலத்தையும், இன்று தரமணி என்றால் கணினிக் கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்களே நினைவுக்கு வருவதையும் அதிகாரிகள் ஒருமுறை எண்ணிப் பார்ப்பார்களாக. அந்த 140 ஏக்கரில் பத்து ஏக்கரைப் பிரிக்கக்கூடாத செட்டுகளுக்கென்று ஒதுக்க வேண்டும். மாயாஜாலப் படம் எடுக்கும் தயாரிப்பாளர் தம் அரங்கத்தை அங்கே விட்டுச்சென்றால் தளவாடகையில் சலுகை தர வேண்டும். இரும்பு வேலைக்குக் கும்மிடிப்பூண்டிப் பட்டறைகளை அழைக்க வேண்டும். திட்டத்தைத் தீட்டும் நிபுணர் குழுவில் வெளிநாட்டு ஆலோசகர்களுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, அதிலே எங்கள் பக்கத்துக் கூத்து வாத்தியார் ஒருவரையும் உட்கார வைக்குமாறு அரசாங்கத்தைக் கேட்டுக்கொள்கிறேன். ராத்திரியெல்லாம் கண் விழிக்கிறவர் அவர். கூட்டத்தை மட்டும் மாலையில் வைத்துக்கொள்ளுங்கள்.